பொழுது சாய்வதற்குள் எஃகு

விழுப்புரம் ஜங்ஷனில் நான் இறங்கியதும் என் பெட்டியைத் தூக்கிய போர்ட்டர் அதை உடனே கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டிக்குள் இரண்டு சட்டை, மூன்று வேட்டி, முழங்கை நீளத்தில் ஒரு செம்புக் குழல். கனம் முழுக்கக் குழலுடையது. உள்ளே என்ன என்று கேட்டார். அடுப்பு ஊதுகிற குழல் என்றேன். மலாயாவிலிருந்து ஊதுகுழல் கொண்டுவருகிற ஆளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போலும். பெட்டியை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. ஈப்போவில் நான் வேலை பார்த்த பட்டறை வெள்ளீயச் சுரங்கங்களுக்கு எஃகுச் சாமான்கள் வார்த்துக் கொடுத்தது. எண்ணெய் எரியும் உலையில் வெறும் காற்றுக்குப் பதிலாக ஆக்ஸிஜனை ஊத ஆரம்பித்து அங்கே சில வருடங்கள் ஆகியிருந்தன. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் எரிவதற்கு உதவுகிறது. மீதி சும்மா உள்ளே வந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, புகைபோக்கி வழியாகப் போய்விடுகிறது. கல்யாண வீடுகளிலும் அப்படி நாலு பேர் உண்டு. அவர்களை விட்டுவிட்டு ஆக்ஸிஜனை மட்டும் அழைத்தால், பகலும் இரவுமாக உருகியது அரைப் பகலில் உருகும்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் வார்ப்புப் பட்டறை வைத்திருந்த அப்பாண்டை நயினார், ஈப்போவில் ஜவுளிக்கடை வைத்திருந்த தன் சிநேகிதர் மூலமாக எங்கள் முதலாளிக்கு எழுதியிருந்தார். அந்தப் பக்கமெல்லாம் நிலக்கடலை ஆட்டும் மில்கள். வார்ப்பிரும்பில் செய்த அச்சுத்தண்டு ஒரு பருவம் தாங்குவதில்லை, ஒடிந்துபோகிறது. எஃகில் வேண்டும் என்கிறார்கள். காலையில் பற்றவைத்தால் பொழுது சாய்வதற்குள் எஃகு கிடைக்குமா என்று கேட்டிருந்தார். கிடைக்கும் என்று முதலாளி பதில் எழுதி, கூடவே என்னையும் அனுப்பிவிட்டார். ஏன் பொழுது சாய்வதற்குள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவசரக்காரர் என்று நினைத்துக்கொண்டோம்.

நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஈப்போ. இந்தியா எனக்கு அப்பாவின் வாயிலிருந்து வந்த நாடு. அவர் சொன்ன இந்தியாவில் காவிரியும் கோயில் யானையும் இருந்தன. திண்டிவனம் பஸ் இல்லை.

அந்த பஸ் பாதி வழியில் நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்தார், டிரைவர் இறங்கிப் பார்த்தார், பிறகு பெண்கள் தவிர எல்லோரும் இறங்கிப் பார்த்தோம். டிரைவரும் கிளீனரும் உருதுவில் நீளமாக ஏதோ பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு வக்கீல் குமாஸ்தா எனக்கு அதைத் தமிழில் சொன்னார். வண்டியில் ஒரு கோளாறும் இல்லையாம், அது சில நாள் இப்படித்தானாம், தானாகச் சரியாகுமாம். ஈப்போவில் பஸ் நின்றால் சீன டிரைவர் அதை உதைப்பார். இங்கே அதற்கு ஓய்வு கொடுக்கிறார்கள். சாலையோரத்தில் ஒரு பெண் வேகவைத்த மல்லாட்டையைக் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். நிலக்கடலைக்கு அங்கே அதுதான் பெயர். இரண்டு படி வாங்கி, ஒரு படி தின்று முடிக்கிற நேரத்தில் பஸ் தானாகச் சரியாகிவிட்டது.

நயினார் திண்டிவனத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கே வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒன்றுமில்லை. பயணம் எப்படி என்று கேட்கவில்லை, குழல் எங்கே என்றும் கேட்கவில்லை. வானத்தைப் பார்த்தார்.

“சாப்புட்டுடலாங்க. ஜல்தியா வாங்க, பொழுது போவுது.”

மணி ஐந்து. கை கழுவ மட்டும் விட்டார்கள். சோறு, புடலங்காய்க் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், ரசம், கெட்டித் தயிர். வெங்காயமில்லை, பூண்டில்லை, உருளைக்கிழங்கில்லை. ருசிக்குக் குறையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரிமாறிய அம்மாள் ஒவ்வொரு கரண்டிக்கும் நடுவில் ஜன்னலைப் பார்த்தார். அது விருந்தாளிக்குக் கொஞ்சம் பதற்றமாக இருக்கிறது. கடைசி வாய் தயிர்ச்சோறு போகும்போது விளக்கு வைத்தார்கள். அதோடு அந்த வீட்டில் மறுநாள் காலைவரை யார் வாயிலும் ஒன்றும் போகாது.

அவர்கள் சமணர்கள். மேல்சித்தாமூர்ப் பக்கம் பூர்வீகம். நம்மைப் போலத் தமிழ் பேசுகிற, பரம்பரையாக நிலம் வைத்திருக்கிற குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிட்டால் இருட்டில் தெரியாமல் ஓர் உயிரைத் தின்றுவிட நேரும், அதனால் சாப்பிடுவதில்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிக்கிறார்கள். இதையெல்லாம் அவர் படுக்கை விரித்தபடி சாதாரணமாகச் சொன்னார். எட்டு மணிக்கு எனக்கு அசுரப் பசி. பையில் மிச்சமிருந்த மல்லாட்டையைக் கொசுவலைக்குள் உட்கார்ந்து சத்தமில்லாமல் உரித்துத் தின்றேன். காலையில் அந்த அம்மாள் தோலைப் பெருக்கி எடுத்துப்போனார்.

இரண்டாம் நாள் பட்டறைக்குப் போனோம். மயிலம் போகிற வழியில் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. நடுவில், பீப்பாயைப் படுக்கவைத்தது போல அரை டன் பிடிக்கிற எண்ணெய் உலை. உலைக்குப் பொறுப்பு மேஸ்திரி ஏழுமலை. பக்கத்துக் காலனிக்காரர், நாற்பது வயதிருக்கும், புருவத்தில் பாதி எப்போதோ நெருப்பில் போய்விட்டது. என் குழலைக் கையில் வாங்கிப் பார்த்து, வாய்ப்பக்கம் கண்ணை வைத்து, எண்ணெய் வரும் துளை எது, ஆக்ஸிஜன் வரும் துளை எது, சுற்றிலும் தண்ணீர் ஓடும் வழி எது என்று நான் சொல்வதற்கு முன்பே விரல் வைத்துக் காட்டினார். ஈப்போவில் எங்கள் ஆட்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. நல்ல ஆள் கிடைத்தார் என்று அப்போதே நிம்மதிப்பட்டேன்.

நயினார் கொட்டகைக்கு வெளியே பழைய இரும்புக் குவியலுக்கு முன்னால் ஒரு பலகை போட்டு உட்கார்ந்துகொண்டார். கையில் மயிலிறகுக் கற்றை. துருப்பிடித்த கலப்பைக் கொழு, உடைந்த வண்டிப்பட்டை, ரயில்பெட்டிச் சாமான் என்று ஒவ்வொன்றாக எடுத்தார். திருப்பிப் பார்த்தார், தட்டினார், இறகால் ஒற்றினார், அந்தப் பக்கம் வைத்தார். ஒரு பல்லி ஓடியது. ஒரு தேள் வந்தது. அதை ஓலைத்துண்டில் ஏந்திக்கொண்டு வேலிவரை நடந்து விட்டுவிட்டு வந்தார். ஒரு குளவிக்கூட்டோடு இருந்த இரும்புத்தகடு, குளவிகள் காலிசெய்யும்வரை உலைக்குப் போகாதென்று ஒதுக்கப்பட்டது.

இப்படிப் பார்த்தால் அரை டன் பார்க்க எவ்வளவு நேரமாகும் என்று ஏழுமலையைக் கேட்டேன். ரெண்டு நாள் ஆவுங்க என்றார். ஈப்போவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அங்கே புது உலைக்கு முழுப் பன்றியைச் சுட்டுப் படைத்து, வெடி கொளுத்தித்தான் பற்றவைப்பார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பகலில் நயினாரே விஷயத்தைச் சொன்னார். நெருப்புத் தொழில் அவர்களுக்கு ஆகாது. சொந்தக்காரர்கள் பலபேர் இன்னும் அவர் வீட்டுப் படி ஏறுவதில்லை. கூட்டாளி இறந்துபோய்ப் பட்டறை இவர் கைக்கு வந்தபோது, விற்றுவிடத்தான் நினைத்தார். வாங்க வந்தவர் உலையைப் பிரித்து எடுத்துப்போவேன், ஆட்கள் வேண்டாம் என்றார். பதினாறு பேர். ஆகவே மேல்சித்தாமூர்க் கோயிலில் நின்று தனக்குத்தானே ஒரு விரதம் எடுத்துக்கொண்டார். ஓர் உயிரும் உலைக்குள் போகாது. பொழுது சாய்ந்தபின் உலை எரியாது, ஏனென்றால் இருட்டியதும் பூச்சிகள் வெளிச்சத்தைத் தேடி வந்து விழும். வார்ப்பிரும்பு ஐந்து மணி நேரத்தில் உருகிவிடும், அதற்கு இந்த விரதம் இடைஞ்சலில்லை. எஃகுக்கு அந்த உலையில் ஒரு பகல் போதவில்லை. இரண்டுமுறை முயன்று, மாலையில் அணைத்துவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் என்று அவர் எழுதியது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாலாயிரம் சொச்சம் டிகிரி சூடு வேண்டும் என்று என்னென்னவோ காரணங்களுக்காக ஆக்ஸிஜன் ஊதியிருக்கிறேன். ஈசலுக்காக ஊதியதில்லை.

மாலை நாலு மணிக்கு அவர் ஒரு குழாய்த்துண்டை என்னிடம் நீட்டினார். இரண்டு பக்கமும் அடைபட்டிருந்தது. உள்ளே ஏதோ உயிர் அசைவதுபோல இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றார். ஆட்டிப் பார்த்தேன். உயிரில்லை, தண்ணீர். மூடிய குழாயில் தண்ணீரோடு அது உலைக்குள் போயிருந்தால் கொட்டகையின் கூரை மயிலத்தில் போய் விழுந்திருக்கும். ஈப்போவில் ஒருமுறை அப்படி நடந்து இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழாயைக் கீழே வைத்துவிட்டு, நானும் ஒரு பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து இரும்பைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து சிலிண்டர்கள் வந்தன. லாரி திண்டிவனம் தாண்டிச் சேற்றில் இறங்கிக்கொண்டது. இருபத்துநாலு சிலிண்டர்களை ஆறு மாட்டுவண்டிகளில் மாற்றினார்கள். வைக்கோல் மெத்தை மேல் வண்டிக்கு நாலாகப் படுத்துக்கொண்டு அவை ஊர்வலமாக வந்தன. வழியெல்லாம் சனங்கள் நின்று பார்த்தார்கள். குண்டா என்று ஒருவர் கேட்டார். காத்து என்று வண்டிக்காரர் சொன்னார். காற்றை வண்டியில் ஏற்றி வருகிற ஆட்களைப் பற்றி அந்த ஊர் என்ன நினைத்ததோ தெரியாது. சாயங்காலம் நல்ல மழை பெய்தது. ஐப்பசி மாதம்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பற்றவைப்பது, ஒரு மணிக்கு முன்னால் வார்த்துவிடுவது என்று திட்டம். மில்காரர்களுக்கும் சுற்றுவட்டாரத்து விவசாயிகளுக்கும் நயினார் சொல்லி அனுப்பியிருந்தார். நான் போனபோதே நாற்பது பேர் வேலியோரம் குந்திக்கொண்டிருந்தார்கள்.

கொட்டகைக்குள் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. முந்தின நாள் புழுதியும் சேறுமாக வந்தவை இப்போது பளபளவென்று மின்னின. ஒவ்வொன்றின் தோளிலும் சந்தனம், குங்குமம். பித்தளைக் குமிழ்களில் கதம்பம். ஏழுமலை அதிகாலையிலேயே வந்து, முதல் நெருப்புக்கு முன்னால் செய்யவேண்டிய முறைப்படி எல்லாவற்றையும் துடைத்து, உச்சி முதல் அடிவரை மல்லாட்டை எண்ணெய் தடவியிருந்தார். இறுகியிருந்த வால்வுத் திறப்புகளுக்குள் இரண்டு சொட்டு தாராளமாகவே விட்டிருந்தார். பொங்கலுக்கு மாட்டைச் சிங்காரிப்பது போல அன்போடு செய்த வேலை. வாசனை வாசல்வரை வந்தது.

யாரும் குமிழைத் தொடாதீர்கள் என்று கத்தினேன்.

அவ்வளவு அழுத்தத்தில் ஆக்ஸிஜன் பீறிடும் இடத்தில் எண்ணெய் இருந்தால் தீக்குச்சி தேவையில்லை. திறக்கிற கையோடு சேர்ந்து எரியும். ஈப்போவில் ஆ லோக் என்ற என் சிநேகிதன் கையில் கிரீஸோடு ஒரு சிலிண்டரைத் திறந்தான். அதற்குப் பிறகு அவனை அவன் அம்மாவுக்கே குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. இதை ஏழுமலையிடம் சொன்னேன். அவர் நியாயமாகத்தான் கேட்டார்.

“எண்ணெயத்தான சார் இந்த ஒலையில எரிக்கிறோம். அதே காத்துதான. இங்க பட்டா மட்டும் இன்னா?”

உலைக்குள் எரிந்தால் எஃகு, திறப்பில் எரிந்தால் உங்கள் முகம் என்றேன். அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். எண்ணெய் முழங்கைவரை இருந்தது. முதல் சிலிண்டரை அவர்தான் திறப்பதாக இருந்தது. பிறகு போய் வெந்நீர் போட்டார்.

சலவைச் சோடா, வெந்நீர், அது போதாதென்று ஏழுமலையின் மனைவி கொண்டுவந்த சீயக்காய். பதினாறு பேரும் சேர்ந்து தேய்த்தோம். எண்ணெய் வைத்தால் சீயக்காய் என்பது அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தரவேண்டியதில்லை. வெளியில் பட்டது போய்விட்டது. திறப்புக்குள் எண்ணெய் இறங்கிய ஏழு சிலிண்டர்களை மட்டும் தொடவே கூடாதென்று தூரத்தில் ஒதுக்கிவைத்தேன். மிச்சம் பதினேழு. மணி பத்தரை.

நயினார் என்னைத் தனியாக அழைத்தார். நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வார்க்கிற மணல் அச்சு கெடாது, ஆட்களும் நாளைக்கு வருவார்கள், அவசரமில்லை என்றார்.

வேலியோரம் பார்த்தேன். நாற்பது பேரும் நாங்கள் சிலிண்டருக்குத் தலைமுழுக்காட்டியதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மில்காரர் கடிகாரத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். மலாயாவிலிருந்து வந்தவன் நான். ஐந்து மணிக்குள் முடிந்துவிடும், இன்றைக்கே செய்வோம் என்றேன். பதினேழு சிலிண்டரை வைத்து நான் போட்ட கணக்கில் ஐந்தேகால் என்று வந்தது. எந்த உலையும் போட்ட கணக்குப்படி நடந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

குழல் நன்றாகவே வேலை செய்தது. சிவப்பாகப் புகைந்துகொண்டிருந்த ஜுவாலை ஆக்ஸிஜன் சேர்ந்ததும் குட்டையாகி, வெளுத்து, பார்க்க முடியாமல் கூசியது. சத்தம் மாறியதும் வேலியோரத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஏழுமலை நீலக்கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, பழைய முறையில் பாதி நாளாகும் சூடு ஒரு மணியில் வந்துவிட்டது என்றார். மத்தியானம் நான் அவரோடு உட்கார்ந்து கேப்பைக் கூழும் சுட்ட கருவாடும் சாப்பிட்டேன். நான்கு நாளில் முதல் தடவையாக என் வயிறு என்னை மன்னித்தது.

மூன்று மணிக்கு மேல் சிலிண்டர்களைச் சிக்கனம் பிடிக்கவேண்டி வந்தது. உருகுவது மட்டும் போதாது. உருகியதில் கரி அதிகம். கரி இருக்கிறவரை அது ஒடிகிற இரும்புதான். மெல்லிய இரும்புக் குழாய் ஒன்றை உருகிய குழம்புக்குள் விட்டு அதன் வழியே ஆக்ஸிஜனை ஊதினால், கரி எரிந்து வாயுவாகப் போகும். குழம்பு பொங்கும், பழுப்புப் புகை கிளம்பும், குழாயும் நுனியிலிருந்து உருகிக் குறைந்துகொண்டே வரும். அகப்பையில் கொஞ்சம் முகந்து, ஆறவிட்டு, சம்மட்டியால் உடைத்து, உடைந்த இடத்தில் இரும்பின் மணி எவ்வளவு பொடி என்று பார்ப்போம். நாலு முறை பார்த்தோம். நாலு முறையும் சுலபமாக உடைந்தது.

ஐந்தரைக்கு நயினார் மேற்கு வாசலில் போய் நின்றார். செஞ்சிப் பக்கத்து மலைகள் மேல் சூரியன் ஒரு முழம் இருந்தது. என்னைப் பார்த்தார். நான் போனேன்.

“இன்னும் எவ்ளோ நேரங்க?”

“அரை மணி.”

“இப்ப அணைச்சா?”

“உலைக்குள்ளேயே உறைஞ்சிடும். உலையை உடைச்சுத்தான் எடுக்கணும். திரும்பக் கட்டணும்.”

அவர் மலையைப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் உலையைச் சுற்றி நின்ற பதினாறு பேரையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

“நடத்துங்க. என் தலைமேல இருக்கட்டும்.”

ஏழுமலை யாரையும் கேட்கவில்லை. கோணிகளை எடுத்து ஜன்னல்களில் கட்டச் சொன்னார். கோணி போதவில்லை. வேலியோரம் இருந்தவர்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர்களில் ஒருவரும் சமணரில்லை. துண்டையும் மேல்வேட்டியையும் அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நாற்பது பேரும் கொட்டகையின் திறந்த பக்கத்தில் தோளோடு தோள் உரச நின்றார்கள். கொட்டாவி விட்ட மில்காரர் பட்டுக்கரை அங்கவஸ்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. வெளிச்சம் குறைந்த பத்தாவது நிமிஷம் தரையிலிருந்து ஈசல் கிளம்பியது. துண்டுகளில் மோதின, தலைகளுக்கு மேலாக வந்தன, கூரையில் புகை போகவிட்டிருந்த இடைவெளி வழியாக இறங்கின. அதை மூட முடியாது. அங்கே நாற்பது பேரின் துண்டுக்கும் வேலையில்லை. நான் குழாயைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தேன். அவை என் கைமேல் உட்கார்ந்தன, எழுந்து வெளிச்சத்துக்குள் போயின. நயினார் உலைக்குப் பக்கத்தில் வந்து நின்று மயிலிறகுக் கற்றையால் விசிறிக்கொண்டே இருந்தார். அவர் சட்டைக் கை கருகியது. வாருங்கள் என்று இழுத்தும் வரவில்லை.

ஆறாவது துண்டு சம்மட்டிக்கு உடையவில்லை, வளைந்தது. உலையைச் சாய்த்தோம். வெள்ளையாக இறங்கிய எஃகு எட்டு அச்சுகளையும் நிறைத்தது. மில்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஒருவர் எனக்குக் கைகொடுத்தார். நயினார் எண்ணெயை நிறுத்தி, ஆக்ஸிஜனை நிறுத்தி, இருட்டில் வீட்டுக்கு நடந்தார். பொழுது சாய்ந்துவிட்டதால் அன்று அவருக்குச் சாப்பாடு இல்லை. பரிமாற வந்த அம்மாளிடம் எனக்கும் வேண்டாம் என்றேன். விருந்தாளிக்கு விலக்கு உண்டு என்றார். உண்டு என்று எனக்கும் தெரியும், இலையை எடுத்துவிடச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் காலை பட்டறைக்குப் போனபோது, ஏழுமலை ஓர் அச்சுத்தண்டைக் கல்லின்மேல் வைத்துச் சம்மட்டியால் பன்னிரண்டு அடி அடித்து முடித்திருந்தார். தண்டு கொஞ்சம் வளைந்திருந்தது, விரிசல் இல்லை. எனக்கு அதைத் தூக்கிக் காட்டினார், ஆனால் அவரும் சிரிக்கவில்லை.

நயினார் உலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு முறம். சுற்றிலும் கிடந்த ஈசல் சிறகுகளை ஒன்றுவிடாமல் கூட்டி எடுத்து முறத்தில் கொட்டி, எண்ணிக்கொண்டிருந்தார். உடல்கள் எரிந்துபோயின, சிறகு மட்டும்தான் மிச்சம். ஓர் ஈசலுக்கு நாலு சிறகு. எண்ணி நாலால் வகுக்கவேண்டும். உலைக்குள்ளேயே போனவை எத்தனை என்று அருக தேவனுக்குத்தான் தெரியும், தெரிந்ததற்காவது பட்டினி கிடக்கிறேன் என்றார். ஓர் உயிருக்கு ஒரு வேளை.

ஏழுமலை குந்தி உட்கார்ந்து அவரோடு எண்ண ஆரம்பித்தார். எண்ணிக்கொண்டே, ஈசல் சிறகைத் தானாகவே உதிர்த்துவிட்டு ஊர்ந்து போகும், எத்தனையோ பிழைத்திருக்கும், இதையெல்லாம் சேர்க்கக் கூடாது என்று வாதாடினார். சந்தேகமாக இருப்பதையும் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதாக நயினார் சொன்னார். நானும் உட்கார்ந்தேன். ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு சிறகு. முந்நூற்று ஒன்பது.

“எண்ணெ தடவுனது நானு. பாதிய எனக்குக் குடுங்க” என்றார் ஏழுமலை.

அது அப்படிக் கொடுக்கிற விஷயமில்லை என்றார் நயினார். விரதம் எடுத்தது அவர், ஏழுமலை இல்லை.

“கறி மீனு துன்றவன் பட்டினி கெடந்தா செல்லாதா?”

நயினார் முறத்தில் சிதறிய சிறகுகளை ஒன்றாகச் சேர்த்தார். பிறகு, செல்லும் என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டேன். நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் கேட்டீர்கள், எனக்கும் நாளைக்குத்தான் சரி என்று தெரியும், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் இன்றைக்கே என்றேன் என்று சொன்னேன்.

“தெரியுங்க” என்றார் அவர். “தெரிஞ்சுக்கினுதான் நானும் சரின்னேன்.”

முந்நூற்று ஒன்பது எங்கள் மூன்று பேருக்கும் சரியாக வகுபட்டது. ஆளுக்கு நூற்று மூன்று.

திரும்புகிற கப்பலில் ஐந்து வேளைப் பட்டினி முடித்தேன். அதில் மூன்று, கடல் கொந்தளித்ததால் எப்படியும் சாப்பிட்டிருக்கமாட்டேன். அவற்றைச் சேர்க்கலாமா என்று எழுதிக் கேட்டேன். கூடாதென்று பதில் வந்தது. ஈப்போவில் வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டேன். பட்டறையில் எனக்கு வயிற்றுக் கோளாறு என்று பேச்சு. இரும்பை உலையில் போடுமுன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பதைப் பற்றியும் பேச்சு இருந்தது, பிறகு பழகிவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருடமானபோது நூற்று மூன்றும் தீர்ந்தது. தீர்ந்தது என்று நயினாருக்கு எழுதினேன்.

அவருடையது முன்பே தீர்ந்திருந்தது. இப்போது இருபத்துநாலு சிலிண்டரும் எண்ணெய் படாமல் நிற்க, பன்னிரண்டு மணிக்கே வார்த்துவிடுகிறார்களாம். சுற்றுவட்டாரத்தில் முப்பது மில்லில் அவர்கள் வார்த்த தண்டு ஓடுகிறதாம். கடிதத்தின் கடைசியில், ஏழுமலை போன மாதம் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தார். அவர் பங்கில் எழுபத்திரண்டு வேளை முடிந்திருந்தது. முப்பத்தொன்று பாக்கி.

பாதியை எனக்கு அனுப்பும்படி அன்றே எழுதிப் போட்டேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. பதினைந்தை அவர் வைத்துக்கொண்டு, எனக்குப் பதினாறு அனுப்பியிருந்தார். அந்த ஒன்று ஏன் என் பக்கம் வந்தது என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.